மாரிச்சாமியின் டைரியும் என் கையெழுத்தும்

1

பால் பூத் வரிசையில் நிற்கும்போது செல்வி போன் பண்ணினாள். அவள் கணவர் மாரிச்சாமி இறந்து அடுத்த வாரத்தோடு இரண்டு வருஷம். கோவில்பட்டியில் அவருடைய தெருவில் ஒட்டுவதற்கு நினைவஞ்சலி நோட்டீஸ் அடிக்க வேண்டுமாம், வாசகத்தை நான் எழுதித் தர வேண்டுமாம்.

“விபத்துன்னு மட்டும் போட்டுராதீயக்கா,” என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மத்திய அரசில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டெனோ வேலை பார்த்தவள் நான். மந்திரி பேச வேண்டிய பேச்சையே அரை மணி நேரத்தில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். இந்த நாலு வரி நோட்டீஸ் மூன்று நாளாக நகரவில்லை. விபத்து இல்லையென்றால் என்ன போடுவது? எழுத வராத இந்த நேரத்தில், அது ஏன் வரவில்லை என்பதையாவது ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையே ஓர் எழுத்தில்தான் இருக்கிறது.

என் பெயர் சண்முகத்தாய். கோவில்பட்டிப் பக்கம் தெருவுக்கு நாலு சண்முகத்தாய் உண்டு. டெல்லியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று செக்‌ஷன் ஆபீசர் என் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நாக்கு ஒத்துழைக்கவில்லை. கடைசிப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு ‘தாயீஜி’ என்றார். இந்தியில் தாயீஜி என்றால் பெரியம்மா. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஓய்வு பெறும் வயதில் இருந்த பியூன் உட்பட அந்தக் கட்டடம் முழுக்க என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டது. ஒரு வருஷம் கோபப்பட்டேன், அப்புறம் பழகிவிட்டது.

என் மகள் பெயர் கயல். அழகான தமிழ்ப் பெயர் என்று நானும் அவள் அப்பாவும் ஆசையாக வைத்தோம். பள்ளிக்கூடத்தில் அவளை ‘காயல்’ என்று கூப்பிட்டார்கள். நம்முடைய ஊர்க் காயல் இல்லை. தொண்டையிலிருந்து அழுத்தி வருகிற ‘gh’. இந்தியில் அதற்கு அடிபட்டவள் என்று அர்த்தம். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் சட்டைப் பொத்தான் பிய்ந்து, அழுதுகொண்டே வந்து நின்றாள். எவனோ காயல் காயல் என்று பாடியிருக்கிறான், இவள் அடித்திருக்கிறாள். அன்று நான் அவளை மடியில் உட்காரவைத்து, “தமிழ்ல எழுத்து முதல்ல ‘க’ வந்தா அது எப்பவும் ‘க’தான். ‘ga’ கிடையாது, ‘gha’ கிடையாது. யார் என்ன சொன்னாலும் நீ விடாத,” என்று சொன்னேன். அவள் விடவில்லை. எனக்குத் தெரிந்து தமிழில் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட ஒரே விதி அதுதான். மற்றபடி எழுத்துக்கூட்டிப் படிப்பாள், பாதியில் “மா, ப்ளீஸ், நீயே படிச்சுச் சொல்லு” என்று கொடுத்துவிடுவாள்.

இப்போது அவள் வக்கீல். அவள் அப்பா போனபின் மயூர் விஹாரில் இந்த இரண்டு அறை வீட்டில் நானும் அவளும்தான்.

3

செல்வியை முதன்முதலில் வீட்டுக்கு அழைத்துவந்தது கயல்தான், செல்வியின் வழக்கு அவள் ஆபீஸுக்குத்தான் வந்திருந்தது. “மா, இவங்க பேசற தமிழ் எனக்குப் புரியல, உன் தமிழ் மாதிரியும் இல்ல,” என்றாள். செல்வி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “எக்கா, நீங்க எந்தூரு?” என்று கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நானும் அந்தத் தமிழ்தான், டெல்லியில் பேச ஆளில்லாமல் மடித்து வைத்திருந்தேன். அவ்வளவுதான். இருவரும் சமையலறையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். என் மகள் நடுவில் நின்று சப்டைட்டில் இல்லாத படம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வி சொன்னது இது. மாரிச்சாமி டெல்லியின் ஓரத்தில் ஒரு கம்பெனியின் குளிர்பதனக் கிடங்கில் மெஷின் ஓட்டினார். ஆப்பிளும் உருளைக்கிழங்கும் கெடாமல் வைத்திருக்கிற இடம். குளிரூட்ட அமோனியா வாயு ஓடும் குழாய்கள் சுவரெங்கும் போகும். ஒரு காலையில் பழைய குழாய் ஒன்று விட்டுப்போயிற்று. அலாரம் அடிக்கவில்லை. மற்றவர்கள் வெளியே ஓட, மாரிச்சாமி வால்வை மூட உள்ளே போனார். மூடிவிட்டார். வெளியே வரவில்லை. அதற்குள் கசிந்தது மதிலைத் தாண்டி அடுத்த சந்துக்குள் போய்விட்டது. அங்கேயும் உயிர்கள் போயின. அந்தச் சந்தின் அங்கன்வாடிப் பிள்ளைகள் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தன.

போலீஸ் குற்றப்பத்திரிகையில் இரண்டு பேர்மேல் பழி. ஒருவர் ஷிப்ட் சூப்பர்வைசர். இன்னொருவர் செத்துப்போன மாரிச்சாமி. ‘இயக்குபவரின் கவனக்குறைவு.’ அலாரம் நன்றாக வேலை செய்கிறது என்று வருஷாவருஷம் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட முதலாளியின் பெயர் எங்கேயும் இல்லை. அவர் தரப்பில் சொன்னது, நூறு காகிதம் வருகிறது, மேனேஜர் நீட்டுகிற இடத்தில் ஐயா கையெழுத்துப் போடுகிறார், அவருக்கு என்ன தெரியும் என்பது.

அவருக்குத் தெரியும் என்று சொல்ல ஒரே சாட்சி மாரிச்சாமியின் சட்டைப்பை டைரி. இந்தி எழுத வராததால் தமிழில் எழுதிவைத்திருந்தார். அதை வைத்துத்தான் முதலாளியையும் குற்றவாளியாகச் சேர்க்கக் கேட்டு மனுப் போட இருந்தார்கள். கயலின் சீனியர் வக்கீலம்மா அந்த டைரியைத் தங்கம்போல் உறையில் போட்டு வைத்திருந்தார்.

“கம்பெனில இருந்து பணம் குடுக்கேன்னு வந்தானுகக்கா,” என்றாள் செல்வி. “குடுக்கட்டும், அது வேற. எங்க வீட்டுக்காரவுக பேர்ல எழுதுன தப்ப அழிக்கணும். தப்பு யாருதோ அவன் பேர்ல எழுதணும்.”

4

இது எனக்குப் புதிதாகக் கேட்ட கதை இல்லை. எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்போம். டெல்லியில் ஆபீஸ் வேலை கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னதும் பக்கத்து வீட்டு மதினி, “அங்கயும் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கா?” என்று கேட்டார்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்று எரிந்தது. என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளின் அம்மா அதில் போய்விட்டார். பின்பக்கக் கதவு பூட்டியிருந்தது என்று பேசிக்கொண்டார்கள். ஃபோர்மேனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அதே வருஷம் எங்கள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு முதலாளிதான் தலைமை தாங்கினார். கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு எனக்கு. அவர் கையால் ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார். பேச்சியம்மாள் கீழே உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள், அவளும் தட்டினாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த டிபன் பாக்ஸில்தான் முப்பத்திரண்டு வருஷமும் டெல்லியில் சோறு கொண்டுபோனேன். நல்ல கனமான பாத்திரம், மூடி இன்னும் இறுக்கமாக இருக்கிறது. யார் கொடுத்தது என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. செல்வி பேசிவிட்டுப் போன அன்று பாத்திரம் தேய்க்கும்போதுதான் அதன்மேல் வெட்டியிருந்த முதலாளியின் பெயரைத் திரும்பப் படித்தேன்.

5

டைரியை மொழிபெயர்க்கும் வேலை என்னிடம்தான் வந்திருக்க வேண்டும். அப்போது எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம். சின்ன எழுத்துப் படிக்கக் கூடாது. கயல், “நான் பண்றேன் மா, நீ கையெழுத்து மட்டும் போடு,” என்றாள். அவள் வக்கீல் தரப்பு ஆள், அவளே மொழிபெயர்ப்பாளராகக் கையெழுத்துப் போட முடியாது. தமிழில் படித்த ஓர் ஆள் வேண்டும்.

பத்து நாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினாள். என் மகள், தமிழ்ப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடிக்கிறவள், ஒரு மனிதனின் கையெழுத்தைத் தடவித்தடவிப் படித்தாள். சந்தேகம் வந்தால் வார்த்தையைக் கேட்பாள். நான் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டே சொல்வேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எனக்கும் அவளுக்கும் நடுவில் வருஷக்கணக்காக விழுந்திருந்த விரிசலை மாரிச்சாமி வந்து பூசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

அவள் முடித்ததும் ஆங்கிலத்தை வாங்கிப் பார்த்தேன். ஸ்டெனோ புத்தி போகுமா? இரண்டு இடத்தில் கமா திருத்தினேன், ஓர் இடத்தில் வரி இடைவெளியைச் சரிசெய்யச் சொன்னேன். தமிழோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ‘மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், இது உண்மையான மொழிபெயர்ப்பு’ என்ற வரிக்குக் கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

மனு விசாரணைக்கு வந்த அன்று சாயங்காலம் கயல் வீட்டுக்கு வந்து பையைக்கூட வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் டைரியின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்தே ஒரு பகுதியை வாசித்துக் காட்டினாராம். “மறுபடியும் வழக்கு வந்தது. முதலாளியிடம் நேரில் சொன்னேன். சீசன் முடியட்டும் என்றார். இந்த வழக்கை நான் விட்டுவிடக் கூடாது. எதிர்த்தரப்புக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.” இந்த ஆளுக்குக் கம்பெனிமேல் ஏதோ வழக்கு இருந்திருக்கிறது, பகை இருந்திருக்கிறது, என் கட்சிக்காரரின் பிள்ளைகளையே குறிவைத்து எழுதியிருக்கிறான், வால்வைத் திறந்துவிட்டவன் இவனாகவே ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டாராம்.

நான் டைரியின் நகலை எடுத்தேன். கண்ணாடியைத் தேடக்கூட இல்லை. மாரிச்சாமியின் எழுத்து குண்டுகுண்டாக, தெளிவாகத்தான் இருந்தது.

‘மறுபடியும் கேஸ் வந்துருச்சு. பெரிய சாப்கிட்ட நேர்ல சொன்னேன். சீசன் முடியட்டும்னார். இந்தக் கேஸை விடக் கூடாது. அந்தப் பக்கம் பிள்ளைகள் இருக்கு.’

கேஸ். குழாயில் ஓடுகிற கேஸ். மதிலுக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடி.

டைரியின் முதல் பக்கத்தில் ஊரில் ஒரு வரப்புத் தகராறுக்கு வாய்தா என்று ஒரு கேஸ் வருகிறது. அது கோர்ட்டுக் கேஸ்தான். அதையே பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். தமிழில் இரண்டும் ஒரே எழுத்து. நீங்களும் நானும் படித்தால் வாக்கியம் எது என்று சொல்லிவிடும். முதலில் வருகிற ‘க’ எப்பவும் ‘க’தான், யார் சொன்னாலும் விடாதே என்று அடித்துச் சொல்லி வளர்த்த பெண்ணுக்கு எது சொல்லும்?

“இது gas, கயல்,” என்றேன்.

அவள் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். அப்புறம் மேஜையில் தலையைச் சாய்த்து அழுதாள். மூன்றாம் வகுப்பில் அழுத அதே அழுகை. நான் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் யாராவது ஒருவர் காபி போட வேண்டுமே.

6

மறுநாள் வக்கீலம்மா ஆபீஸில் புது மொழிபெயர்ப்போடு தாக்கல் செய்ய ஒரு பிரமாணப் பத்திரம் தயாராயிற்று. வரைவை வாசித்தேன். ‘கவனக்குறைவாக ஒரு பிழை புகுந்துவிட்டது.’

இந்த வரியை என் வாழ்க்கையில் எத்தனை முறை டைப் அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பென்ஷன் தப்பாகப் போனாலும் இந்த வரிதான், பாலத்துக்குத் தப்பான அளவு போனாலும் இந்த வரிதான். பிழைக்குக் கால் முளைத்து அதுவாகவே நடந்து வந்து கோப்புக்குள் புகுந்துகொள்ளும். யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள்.

“இப்படி வேண்டாம் மேடம்,” என்றேன். “ஒப்பிட்டுப் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன், தப்பு என்னுடையது என்று எழுதுங்கள்.”

கயல் என் கையைப் பிடித்தாள். “மா, பொய்க் கையெழுத்துன்னு உன்மேலயே திருப்பிடுவாங்க. டைப்பிங் மிஸ்டேக்னு போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதைத்தானே அந்த முதலாளியும் எதிர்பார்க்கிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவளுக்கு என்மேல் இருக்கிற பிரியத்தில் சொன்னது அது.

அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருந்தது. செல்வியிடம் சொல்ல வேண்டும். அவள் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் சமையல் செய்கிறாள். நானும் கயலும் போனபோது பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் முழுவதும் சொன்னேன். ‘அந்தப் பக்கம்’ எதிர்த்தரப்பாக ஆன இடம் வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

“அந்தப் பிள்ளைகளுக்காகத்தானக்கா உள்ள போனாக. அவுகளையா அப்படிச் சொன்னானுக?” என்றாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கயல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் வேண்டாம் என்று கை காட்டினேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். “தப்பு யாருதுக்கா? பாப்பாவுதா?”

“இல்ல செல்வி. பாப்பா தெரியாம எழுதினா. நான் தெரிஞ்சவ. படிக்காம கையெழுத்துப் போட்டேன். நான்தான்.”

திட்டப் போகிறாள், திட்டட்டும் என்று நின்றேன்.

“ஒண்ணரை வருசமாப் போகுதுக்கா இந்தக் கேஸு,” என்றாள். “இதுல ‘நான்தான்’னு சொன்ன மொத ஆளு நீங்கதான்.”

கயலின் கன்னத்தை ஈரக் கையால் தொட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். அன்று மூன்று பேரும் அங்கேயே மிச்சமிருந்த ராஜ்மா சாதம் சாப்பிட்டோம்.

7

கோர்ட்டில் என் பெயரை எழுதிக்கொண்ட கிளார்க்கும் ‘ஷண்முக் தாயீ’ என்றுதான் எழுதினார். திருத்திச் சொன்னேன். இந்த ஒரு காகிதத்திலாவது என் பெயர் முழுதாக இருக்கட்டும் என்று தோன்றியது.

எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். படிக்காமல் கையெழுத்துப் போடுவது உங்கள் வழக்கமா என்று கேட்டார். வழக்கம் இல்லை, ஆனால் இதில் போட்டேன் என்றேன். அப்படியென்றால் உங்கள் இரண்டாவது மொழிபெயர்ப்பை மட்டும் கோர்ட் எப்படி நம்பும் என்றார்.

கயல் பின்வரிசையில் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“நம்ப வேண்டாம் சாப்,” என்று இந்தியில் சொன்னேன். “தமிழ் தெரிந்த வேறு ஆளைக் கோர்ட்டே கூப்பிட்டுப் படிக்கச் சொல்லட்டும். நான் கையெழுத்துப் போட்டேன், அதனால் கூப்பிட்டதும் வந்து நிற்கிறேன். கையெழுத்துப் போட்ட எல்லாரும் வந்து நின்றால் போதும்.”

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். இனி இப்படிச் செய்யாதீர்கள் என்று கண்டித்தார். என் வாழ்க்கையில் வாங்கிய முதல் கண்டிப்பு, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். டைரியைக் கோர்ட் நியமிக்கிற மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்ப உத்தரவானது. அவருடைய மொழிபெயர்ப்பு வந்தது. கேஸ், கேஸ், கேஸ் என்று மூன்று இடத்தில் முதலாளியிடம் நேரில் சொன்னதாக மாரிச்சாமி எழுதியிருந்த அத்தனையும் வாயு என்றே வந்தது.

போன மாதம் முதலாளியையும் குற்றவாளியாகச் சேர்த்துச் சம்மன் போனது. அவர் வந்து நின்றதைப் பார்த்தேன். நான் நினைத்ததுபோல் இல்லை. வயதான, மெலிந்த மனிதர், காது கேட்காமல் ஒவ்வொன்றுக்கும் மகனைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. பக்கத்தில் செல்வி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்டனை வருமா, எத்தனை வருஷம் ஆகும், யாருக்கும் தெரியாது. ஆனால் கிளார்க் அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார், அவர் கூண்டில் ஏறி ‘ஆஜர்’ என்றார். எனக்குப் பேச்சியம்மாள் ஞாபகம் வந்தது. அவள் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

8

நோட்டீஸுக்கு வருகிறேன். நான் மூன்று நாளாகத் திணறுவதைப் பார்த்துக் கயல்தான், “மா, அவர் எழுதினதையே போட்டா என்ன?” என்றாள். செல்விக்குப் போன் பண்ணிக் கேட்டோம். “போடுங்கக்கா,” என்றாள். கயலே தன் கையால் தமிழில் எழுதி, போட்டோ எடுத்துக் கோவில்பட்டி அச்சகத்துக்கு அனுப்பினாள். எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன, ஆனால் பிழை இல்லை. இந்தத் தடவை நான் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

இன்று காலை அச்சகத்து அண்ணாச்சி கூப்பிட்டார். போட்டோவுக்கு மேலே ‘விபத்தில் மறைந்த’ என்று வழக்கமாக இருக்கிற வரியை எடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள், எடுத்துவிட்டேன் என்றார். கீழே இருக்கிற வரியில்தான் ஒரு சந்தேகமாம். வாசித்துக் காட்டினார்.

“இந்தக் கேஸை விடக் கூடாது. அந்தப் பக்கம் பிள்ளைகள் இருக்கு.” நிறுத்தினார். “எக்கா, இது எந்தக் கேஸு? வாயுவா, கோர்ட்டா? தெருவுல வாசிக்கிறவன் கேப்பானே.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கயல் குனிந்து, தன் டெல்லித் தமிழில் சொன்னாள்.

“ரெண்டும்தான் அண்ணாச்சி. அப்படியே போடுங்க.”